ஐலி சுட்ட மான்

என் கணவன் ரெய்னோவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் உண்மையைச் சொல்லாமல் இருக்கத் தெரியும். அதில் அவனை மிஞ்ச சுப்பீரியர் ஏரிக்கு இந்தப் பக்கம் ஆள் கிடையாது.

நவம்பர் பதினைந்து, மான் வேட்டை திறக்கும் நாள். அன்றைக்கு எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் இல்லை, மரம் அறுக்கும் மில் ஓடாது, கல்யாணம் வைக்க மாட்டார்கள், செத்தவர்கள்கூட அடக்கத்துக்கு ஒரு நாள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரெய்னோ குடும்பத்துக்குக் காட்டுக்குள் ஒரு கேம்ப் இருக்கிறது. தார்க்காகிதம் அடித்த மரக்குடில், ஒரு விறகடுப்பு, பக்கத்தில் வேர்த்துக் குளிக்க ஒரு சௌனா. உள்ளே சுவரோரம் அடுக்குக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலும் ஒருவருடையது. ஒருவர் செத்தால்தான் இன்னொருவருக்கு வரும். ரெய்னோவின் சித்தப்பா ஊர்ஹோதான் அங்கே ராஜா. அவர் மகன் கார்ல், ரெய்னோ, ரெய்னோவின் தங்கை ஐலி, இவர்கள்தான் கூட்டம்.

ஐலி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அப்பா செத்ததும் அவர் கட்டில் அவளுக்கு வந்தது. ஒரு பெண்பிள்ளைக்குக் கட்டிலா என்று ஊர்ஹோ மாமா ஒரு வருஷம் முழுக்க முனகினார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சின்ன வயதில் அப்பா வாங்கிக் கொடுத்த மெல்லிய துப்பாக்கி ஒன்று வைத்திருந்தாள். அதற்குப் பெரிய குண்டு போடவே முடியாது. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் குறி பார்த்துச் சுடுகிறவள் அவள் ஒருத்திதான். மற்ற மூன்று பேரும் சத்தம் போடுகிறவர்கள்.

நான் வேட்டைக்குப் போவதில்லை. எனக்கு இறைச்சி வெட்டும் வேலை. மானைத் தொங்கவிட்டுத் தோல் உரித்து, எலும்பு எடுத்து, பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் அடுக்குவது வரை எல்லாம் என் கைதான். அதோடு மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள் என்று எனக்கு ஊரில் ஒரு பெயரும் உண்டு. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும்.

போன நவம்பரில் திறப்பு நாளன்று பனி விழவில்லை. வானம் மூட்டம் போட்டுக்கொண்டு மழைக்குக் காத்திருந்தது. மதியத்துக்கு நான் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பாஸ்டிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கேம்புக்குப் போனேன். வாசலிலேயே கார்ல் கத்தினான்.

"உம்புருஷன் அடிச்சுட்டான் மார்லிஸ்! எட்டுக் கிளை விட்ட கொம்பு! ஊருக்கே கொண்டுபோயி கம்பத்துல தொங்க விட்டுட்டு வந்துட்டான்!"

எங்கள் ஊரில் தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே பெரிய கட்டை ஒன்றைக் குறுக்கே போட்டு வைத்திருப்பார்கள், அதுதான் கம்பம். திறப்பு நாளன்று முதலில் மான் கொண்டுவருகிறவனை அதன் கீழே நிறுத்திப் படம் பிடித்து பேப்பரில் போடுவார்கள். ரெய்னோ பல வருஷமாக வெறுங்கையோடு வந்து கேலி வாங்கியவன். எனக்கு சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவனைப் போய்க் கட்டிக்கொண்டேன். அவன் மரக்கட்டை மாதிரி நின்றான். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஐலி சதுப்புப் பக்கமிருந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. விடிந்ததும் ஒரு கொம்பு மானைச் சுட்டிருக்கிறாள். அது திரும்பிய நேரம் பார்த்துக் குண்டு கொஞ்சம் பின்னால் பட்டுவிட்டது. அப்படிப் பட்ட மானை உடனே துரத்தக் கூடாது. விட்டால் பக்கத்திலேயே படுத்து உயிரை விடும். துரத்தினால் எங்கோ ஓடிப்போய், கிடந்து துடித்துச் சாகும். அவள் முறைப்படி ஒரு கட்டையில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறாள். காத்திருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ரத்தத் தடம் கழுவிக்கொண்டு போய்விட்டது.

"எல்லாரும் வாங்க. தேடித் தாங்க," என்றாள். அவள் யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆரஞ்சு அங்கிகளை மாட்டிக்கொண்டு நான்கு பேரும் வரிசையாகச் சதுப்புக்குள் இறங்கினார்கள். ஐலி நடுவில், ரெய்னோ வரிசையின் கடைசியில். நான் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டும் நேரத்துக்கு இடுப்பு வரை நனைந்து, வெறுமனே திரும்பி வந்தார்கள்.

ஊர்ஹோ மாமா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். குறி தவறினவர்களின் சட்டை வாலை வெட்டிச் சுவரில் ஆணி அடித்து வைப்பது கேம்ப் வழக்கம். அவர் சட்டை வாலே அங்கே மூன்று தொங்குகிறது. அது சிரிக்கிற அவமானம், வெட்டிவிட்டுப் பீர் குடிப்பார்கள்.

"தப்பிப்போச்சுன்னு சொல்லும்மா. வாலை வெட்டிப்புட்டு சாப்பிடலாம்," என்றார். அவர் அளவுக்கு அது பெரிய தயவு.

"தப்பல சித்தப்பா. பட்டுச்சு. பட்ட சத்தம் எங்காதுல விழுந்துச்சு. எங்கேயோ கெடந்து செத்துருக்கு. நாந்தான் தொலைச்சேன்."

சட்டைப்பையிலிருந்து தன் சீட்டை எடுத்தாள். ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு மான் என்று அரசாங்கம் தரும் சீட்டு அது. அடித்த மானில் அதைக் கட்டாமல் எடுத்துப் போக முடியாது. இரண்டாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். இந்த வருஷம் என் மான் முடிந்தது என்று அர்த்தம். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஊர்ஹோ மாமா கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ரெய்னோ தட்டைப் பார்த்துக்கொண்டு பாஸ்டியைத் தின்றுகொண்டிருந்தான்.

கம்பத்திலிருந்து இறக்கிய மான் ஒரு வாரம் எங்கள் கராஜில் தொங்கியது. "இந்த வாட்டி தோல நானே உரிக்கிறேன்" என்று ரெய்னோ சொன்னான். கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் வராத வார்த்தை அது. அவன் விறகுக்குப் போன நேரம் பார்த்து நானே கத்தியை எடுத்தேன்.

ரெய்னோவின் துப்பாக்கிக் குண்டு தடிமனானது. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் என் முஷ்டி அளவு ஓட்டை போட்டுக்கொண்டு போகும். எவ்வளவு இறைச்சியை அது நாசமாக்கும் என்று எனக்கல்லவா தெரியும். இந்த மானில் ஒரே ஒரு ஓட்டை, கடைசி விலா எலும்புக்குப் பின்னால், பட்டாணி அளவில். மறுபக்கத்துத் தோலுக்கு அடியில் குண்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நுனி மலர்ந்த மெல்லிய குண்டு. அதைக் கழுவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ரெய்னோ விறகோடு வந்ததும் கையை நீட்டிக் காட்டினேன்.

"நான் சுட்டேன் மார்லி. சத்தியமா ஒண்ணைச் சுட்டேன்."

"சுட்டே. எந்த மரத்தை?"

அவன் விறகுக்கட்டு மேலேயே உட்கார்ந்துவிட்டான். ஓடுகிற மான் ஒன்றைச் சுட்டிருக்கிறான். பட்டதென்று நினைத்துப் பின்னாலேயே ஓடியிருக்கிறான். சதுப்போரம் ஒரு கொம்பு மான் செத்துக் கிடந்திருக்கிறது. எங்கள் சட்டப்படி முதலில் சீட்டைக் கட்ட வேண்டும், அப்புறம்தான் மானைத் தொட வேண்டும். இவனும் ஒழுங்காகச் சீட்டைக் கட்டினான். கட்டின பிறகு புரட்டினான். புரட்டிய பிறகுதான் ஓட்டையைப் பார்த்தான். கட்டின சீட்டை அவிழ்த்தால் குற்றம். கேம்புக்குப் போய் ஐலியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று பழைய ரயில் மேட்டுப் பக்கமாக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். ரோட்டில் யாரோ ட்ரக்கை நிறுத்தி, முதுகில் தட்டி, மானைத் தூக்கிப் போட்டு, நேராகக் கம்பத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

"அப்புறம் எப்படிச் சொல்றது? படம் வேற புடிச்சுட்டாங்க."

"அவகூடச் சேந்து தேடினியே. மழையில. இல்லாத மானை."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. இந்த மனுஷனையா கட்டிக்கொண்டு அழுதேன் என்று இருந்தது.

"ஞாயித்துக்கெழம சொல்லிடறேன்," என்றான்.

ஞாயிறு வந்தது, போனது. கேம்பில் யார் மான் அடித்தாலும் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஐலியின் பங்கைப் பொட்டலம் கட்டி நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். அவள் கதவைத் திறந்து, பொட்டலத்தைப் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி. ஒரு மானையே வீணாக்கினவளுக்குப் பங்கு எதுக்கு? அது எங்க கெடந்து எவ்வளவு நேரம் துடிச்சுதோன்னு நெனச்சா சோறே எறங்க மாட்டேங்குது."

என் வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். செய்தவன் அவன், அவன்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு பொட்டலத்தோடு திரும்பி வந்தேன்.

அன்று சாயங்காலம் கோபத்தில் அந்தக் குண்டை ஒரு காலி பேக்கிங் பவுடர் டப்பாவில் போட்டு அடுப்படி ஜன்னலில் வைத்தேன். "பாத்திரம் கெடக்கு," என்றேன். ரெய்னோ டப்பாவைப் பார்த்தான். எழுந்து பாத்திரம் கழுவினான். நாங்கள் குடித்தனம் நடத்த ஆரம்பித்து அதுதான் முதல் தடவை.

அந்தக் குளிர்காலம் போல ஒரு சுகமான குளிர்காலம் எனக்கு வாய்த்ததில்லை. சௌனாவின் புகைக்குழாயை மாற்றச் சொன்னேன், மாற்றினான். பாதாள அறையில் கிடந்த அவன் குப்பைகளை அள்ளச் சொன்னேன், அள்ளினான். என் அக்கா வீட்டு விருந்துக்கு வாய் திறக்காமல் வந்து உட்கார்ந்தான். எப்போதாவது முறைத்தால் நான் டப்பாவை லேசாகக் குலுக்குவேன். அவ்வளவுதான், பெட்டிப் பாம்பு.

சொல்லிவிடு என்று அவனை நான் நச்சரிக்காமல் இல்லை. கிறிஸ்துமஸ் போகட்டும் என்றான். ஏரி உறைந்ததும் பனிக்கட்டி மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கும்போது பேசிக்கொள்கிறேன் என்றான். பனி உருகட்டும் என்றான். நானும் ஒவ்வொரு தடவையும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அவ்வளவு பலமாக நச்சரிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

ஐலி அந்தக் குளிர்காலத்தில் யாரோடும் சேரவில்லை. உறைந்த ஏரியில் மற்ற மீன்பிடிக் குடிசைகளுக்கு வெகு தூரத்தில் தன் குடிசையைப் போட்டு, பனிக்கட்டியில் போட்ட துளைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பாள். கேம்புக்கு வரவில்லை. தன் கட்டிலை கார்லின் மகளுக்குக் கொடுத்துவிடும்படி ஊர்ஹோ மாமாவிடம் சொல்லிவிட்டாள். பனி உருகத் தொடங்கியபோது தூண்டில் கடைச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது. அவள் கையெழுத்து. அப்பா வாங்கிக் கொடுத்த துப்பாக்கி விலைக்கு.

அந்த அட்டைக்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றேன். அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சொல்ல வைத்திருக்கலாம். ஆனால் வாசல் படி இன்னும் பாக்கி இருந்தது. பதினைந்து வருஷமாக உளுத்துப்போன படி. ரெய்னோ அப்போதுதான் பலகை அறுக்க ஆரம்பித்திருந்தான்.

மே மாதக் கடைசியில் பாஸ் மீன் பிடிக்கத் திறக்கும் நாளில் அண்ணனும் தங்கையும் ஒரே படகில் போவது சின்ன வயதிலிருந்து பழக்கம். ஐலி வருவாளோ மாட்டாளோ என்று நினைத்தேன். அன்று காலை போன் செய்தாள். "வரேன் அண்ணி. திங்கக்கெழம துப்பாக்கிய எடுத்துட்டுப் போக ஆள் வராங்க. அதுக்கப்புறம் எனக்கு எதுக்குமே மனசு வராது."

போனை வைத்துவிட்டு ரெய்னோவைப் பார்த்தேன். "நானும் படகுல வரேன். நீ இன்னைக்குச் சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்."

ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. கருப்பு ஈக்கள் காதோரம் பிய்த்தன. ரெய்னோ மோட்டார் பக்கம், ஐலி முன்னால், நான் நடுவில் மூட்டை மாதிரி. ஐலி பாறைகளுக்கு நடுவில் தூண்டிலை வீசினாள். இரண்டாவது வீச்சிலேயே பழுப்பு நிறத்தில் ஒரு பாஸ் தண்ணீருக்கு மேல் துள்ளித் தலையை உதறியது. அவசரப்படாமல் கிட்டே இழுத்து, ஈரக் கையால் பிடித்து, முள்ளை எடுத்து, வாயிலும் செவுளிலும் காயம் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்பெல்லாம் அப்படிப் பார்க்க மாட்டாள். பிறகு தண்ணீருக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு, அது தானாக நழுவிப் போகும் வரை குனிந்தே இருந்தாள்.

நான் ரெய்னோவின் கணுக்காலில் ஒரு உதை விட்டேன்.

"ஐலி," என்றான். "அந்த மானு... கம்பத்துல தொங்குச்சே. அது உன்னுது."

அவள் திரும்பவில்லை. அவன் கொட்டித் தீர்த்தான். முன்னும் பின்னுமாக, சீட்டு, ரயில் மேடு, ட்ரக், மழை எல்லாவற்றையும். கண்ணில் தண்ணீர் வழிந்தது. முடித்ததும் ஐலி மெல்ல இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எங்க கெடந்துச்சு?"

"பெரிய தேவதாரு விழுந்து கெடக்கே, அதுக்கு அந்தப் பக்கம்."

"அங்கேயா? நான் உக்காந்திருந்த எடத்துலேர்ந்து கூப்பிட்டா கேக்கும். செத்துத்தான் கெடந்துச்சா?"

"செத்துருந்துச்சு. காலை மடக்கிப் படுத்த மாதிரி. தரையில ஒதைச்ச தடம்கூட இல்ல."

"ஒதைக்கலையா?"

"இல்ல."

அவள் தூண்டிலைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, படகே ஆடும்படி அழுதாள். கோபம் இல்லை அது. ஆறு மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு. அப்புறம் மீன் வலையை எடுத்து அண்ணன் தலையில் மொத்து மொத்தென்று மொத்தினாள்.

"ஏண்டா எருமை! ஏண்டா மாடு! மழையில என்கூடவே நடந்தியேடா! பைத்தியக்காரா!"

"அடி, அடி. இன்னும் நாலு போடு."

"கேம்புல சித்தப்பா முன்னாடி நீயே சொல்லணும். சட்டைய அவர் வெட்டணும். நான் பாக்கணும்."

"சொல்றேன். வேணும்னா பேண்டையும் வெட்டச் சொல்லு."

அவள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். "திங்கக்கெழம வர்றவன வர வேணாம்னு சொல்லிடறேன்," என்றாள். எனக்கும் மனசு லேசாகி, நானும் சிரித்தேன். அவனைப் பேச வைத்தது நான்தானே என்ற பெருமைகூட ஒரு மூலையில் எட்டிப் பார்த்தது.

"குண்டு உள்ளேயே நின்னுருக்கணுமே," என்றாள் ஐலி மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அது எங்க? எனக்கு வேணும்."

"ஜன்னல்ல டப்பாக்குள்ள இருக்கு," என்றான் ரெய்னோ. அடி வாங்கி மன்னிப்பும் கிடைத்த குஷியில் அந்த மடையனுக்கு வாய் நிற்கவில்லை. "தோலுரிச்ச அன்னைக்கே எடுத்து வச்சுக்கிட்டா உங்கண்ணி. அத ஆட்டி ஆட்டி என்னைப் படுத்தின பாடு இருக்கே! பாத்திரம் தேச்சேன், பொகக்கொழா மாத்தினேன். வாசப்படி முழுக்க அந்தக் குண்டு கட்டுனதுதான், தெரியுமா!"

அவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஐலி என்னைப் பார்த்தாள். அண்ணனை அடித்த கை, வலையைக் கீழே வைத்தது. என்னையும் ஒரு அடி அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போன வாரம் வீட்டுக்கு வந்தேனே அண்ணி," என்றாள். "புதுப் படி நல்லாருக்குன்னு சொல்லி, அதுமேல உக்காந்துதானே உங்ககிட்ட அழுதேன். காப்பி போட்டுக் குடுத்தீங்களே."

ஊரில் எல்லோருக்கும் முகத்துக்கு நேரே பதில் சொல்கிற நான் குனிந்து படகில் கிடந்த கயிற்றைச் சுருட்டினேன். அவள் சொன்னது அத்தனையும் நடந்தது. அன்றைக்கு அவள் முதுகைத் தடவிக்கொண்டே, பலகைக்கு எந்தச் சாயம் அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"கரைக்கு விடு அண்ணே," என்றாள் ஐலி.

கரையில் அவள் முதலில் இறங்கி, அண்ணனுக்குக் கையைக் கொடுத்து இழுத்துவிட்டாள். நான் படகில் உட்கார்ந்தே இருந்தேன். இரண்டு பேரும் ட்ரக்கை நோக்கி நடந்தார்கள். எழுந்து அவர்கள் பின்னால் போக எனக்கு வெட்கமாக இருந்தது.